சிரிப்பில் பாதி மதுரம்

பங்குனி, சித்திரை வந்தால் செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையைப் பிளந்த பிறகுதான் அம்மன் கூந்தல் முடிவாள். பழைய செஞ்சி என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மேலச்சேரி இந்த வழிபாட்டின் தாய்வீடுகளில் ஒன்று.

முகவீணை சத்தம் கிளம்பியதும் களத்துக்கு முதலில் வருபவன் கட்டியக்காரன். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவையே "நீ யாரப்பா?" என்று கேட்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான் உண்டு. சபைக்குச் சேதி சொல்வான், வேஷக்காரனை வம்புக்கு இழுப்பான், தூங்கி விழுகிற கூட்டத்தை விடியற்காலை மூன்று மணிக்கும் எழுப்பி உட்கார வைப்பான். அவன் ஆண். அவன் கேலி செய்கிற திரௌபதியும் சேலை கட்டிய ஆண்தான். களத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்கள். மேடையேறிச் சிரிக்க வைக்க அவர்களில் ஒருத்திக்கும் இடமிருக்கவில்லை.

இந்தக் குறை கூத்துக்கு மட்டும் உரியதல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வளர்ந்த பாலர் நாடகக் கம்பெனிகளிலும் மீசை முளைக்காத பையன்கள்தான் சீதையும் வள்ளியும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகைகள் வந்தார்கள். பபூனோடு சரிக்குச் சரி வாயாடிய பெண்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அந்த வேலை செய்தவளை ஊர் எந்தக் கண்ணால் பார்த்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அழுகிற நடிகைக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. வாய் திறந்து சிரித்து, ஆணை எதிர்த்துப் பேசி, சபையைச் சிரிக்க வைத்தவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட காலத்தில் டூரிங் டாக்கீஸ் கூடாரத்துக்குள், மணல் குவித்து உட்கார்ந்திருந்த தரை டிக்கெட் பெண்களுக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். கட்டியக்காரனின் உரிமை முழுவதையும் எடுத்துக்கொண்டார். கேள்வி கேட்டார், நம்ப மறுத்தார், மடக்கினார், முகம் சுளித்தார், சிரித்தார். அவர் டி.ஏ.மதுரம்.

செஞ்சிக்கும் அவருக்கும் நேரான ஒரு தொடர்பும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். திருச்சியில் இருந்து தொடங்க வேண்டும்.

புனாவுக்குப் போன ரயில்

பெயரின் முதல் எழுத்திலேயே ஊர் இருக்கிறது: திருச்சிராப்பள்ளி. ஏ.வி.மெய்யப்பன் தயாரித்து 1935ல் வந்த 'ரத்னாவளி'யில் மதுரம் திரைக்கு வந்தார். தமிழ்ப் படம் பேசத் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வந்தபோது சென்னையில் பேசும் படம் எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றுகூட இல்லை. 1934க்குப் பிறகு இங்கேயே ஸ்டூடியோ வந்தும், பல கம்பெனிகள் நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர் என்று மொத்தக் கூட்டத்தையும் ரயிலேற்றிப் பம்பாய்க்கும் புனாவுக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுபோயின. மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கல். சம்பளம் வருமா, அடுத்த வேளைச் சோறு வருமா என்பதே முதலாளியின் மடிப்பையைப் பொறுத்தது. குடும்பத்தை விட்டு அப்படிப் புறப்பட்ட இளம்பெண்களின் துணிச்சலை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

'வசந்தசேனா' படத்துக்காகப் புனா போன குழுவில் மதுரமும் இருந்தார், நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் கிருஷ்ணனும் இருந்தார். அங்கே ஏற்பட்ட பழக்கம் அங்கேயே கல்யாணத்தில் முடிந்தது. கிருஷ்ணனுக்கு ஊரில் நாகம்மை என்ற மனைவி ஏற்கெனவே இருந்தார். மதுரத்துக்கு அது பின்னால்தான் தெரிய வந்தது.

கலைவாணரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவர் என்ன பதில் சொல்லிச் சமாளித்தார் என்பதுதான் கதையாக வரும். கேட்டு நின்ற பெண்ணின் பக்கம் யாரும் திரும்புவதில்லை. கலைவாணரிடம் எனக்கு இருக்கும் மதிப்பு பெரிது. ஆனாலும் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்று எனக்குப் படவில்லை. மதுரம் கோபப்பட்டார், பிறகு அந்த வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாக ஏற்றார். அவருக்குப் பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. தங்கை வேம்புவைக் கிருஷ்ணனுக்கு மணமுடித்து வைத்து, அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார். திரையில் புருஷனை விரல் நுனியில் ஆட்டிவைத்த பெண் வீட்டில் விட்டுக்கொடுத்தது இவ்வளவு.

எதிர்க்கட்சி

1937ல் 'அம்பிகாபதி', 1939ல் 'திருநீலகண்டர்', 1941ல் 'ஆர்யமாலா', 1942ல் 'கண்ணகி'யும் 'மனோன்மணி'யும், 1944ல் 'ஹரிதாஸ்' என்று இந்த ஜோடி இல்லாமல் பெரிய படமே இல்லை என்ற காலம் ஒன்று வந்தது. விளம்பரத்தில் என்.எஸ்.கே. - மதுரம் என்று சேர்த்துப் போட்டால்தான் விநியோகஸ்தர் நம்பினார். இவர்களுடைய பகுதியைப் பெரும்பாலும் இவர்களே எழுதி, தங்கள் குழுவோடு தனியாக எடுத்துக்கொடுப்பார்கள். டி.எஸ்.துரைராஜ், 'புளிமூட்டை' ராமசாமி, 'காக்கா' ராதாகிருஷ்ணன் எல்லாம் அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். கதாநாயகனின் கதை ஒரு தண்டவாளத்தில் போகும், இவர்கள் கதை பக்கத்துத் தண்டவாளத்தில் போகும். படம் படுத்தாலும் இவர்கள் வந்த காட்சிகளுக்காகக் கூட்டம் வந்தது.

அந்தக் காட்சிகளில் மதுரம் செய்தது என்ன? பழைய பிரதியில் அவர் பேசாத இடங்களைக் கவனித்தால் தெரியும். கிருஷ்ணன் ஏதோ ஒரு பெரிய பேச்சை ஆரம்பிப்பார். சாதி, சாமியார், குடி, படிப்பு, புதிதாக வந்த இயந்திரம் என்று எதுவாகவும் இருக்கும். மதுரம் உடனே குறுக்கே விழமாட்டார். முகவாயை லேசாகத் திருப்பி, ஒரு கண் அவர் மேலும் ஒரு கண் வேறெங்கோவுமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். நம்புகிற மாதிரியும் இருக்கும், நம்பாத மாதிரியும் இருக்கும். கிருஷ்ணன் ஜெயித்துவிட்டதாக நினைத்து மூச்சு வாங்குகிற நொடியில் ஒரு கேள்வி விழும். சமையலறையில் இருந்து, சந்தையில் இருந்து, குழாயடியில் இருந்து எடுத்த சாதாரணக் கேள்வி. பேச்சு முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். கேள்வியின் கடைசிச் சொல்லை அவர் இழுக்கும் விதத்தில் ஒரு சங்கீதம் இருந்தது. பாட்டும் அப்படித்தான். இருவரும் சொந்தக் குரலில் பாடினார்கள். அவர் ஒரு அடி, இவர் ஒரு அடி என்று மாறிமாறிப் போகும் பாட்டில், சண்டை போடுகிற தொனியில் இருந்து சுதிக்கு வந்து சேரும் வித்தை மதுரத்துக்கு வசப்பட்டிருந்தது.

கிருஷ்ணனின் நகைச்சுவையில் சீர்திருத்தம் இருந்தது, யார் மனதும் புண்படாமல் உண்மை சொன்னார் என்று எல்லோரும் பாராட்டுகிறோம். அந்தச் சீர்திருத்தம் பிரசங்கமாகப் போகாமல் காப்பாற்றியது யார் என்று கேட்க மறக்கிறோம். ஒருவர் மட்டும் பேசினால் அது உபதேசம். எதிரில் ஒருவர் நின்று 'அதெப்படி?' என்று கேட்டால்தான் அது வீட்டுப் பேச்சு. கூடாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் புதுக் கருத்தை மதுரத்தின் வாய்வழியாகச் சந்தேகப்பட்டார்கள், மதுரத்தின் வாய்வழியாகவே ஒப்புக்கொண்டார்கள். இந்த வேலையை வேறு எந்த நடிகர் செய்திருந்தாலும் 'கலைவாணருக்கு இணை' என்று எழுதியிருப்போம். செய்தவர் மனைவி என்பதால் 'துணை' என்று எழுதிவிட்டோம்.

அதே காலத்தில் வேறு சிலரும் இருந்தார்கள். 1941ல் வந்த 'சபாபதி'யில் காளி என்.ரத்தினத்தோடு சி.டி.ராஜகாந்தம் அடித்த கொட்டத்தை இன்று பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அங்கமுத்து திரையில் தலைகாட்டினாலே கொட்டகை சிரித்தது. இவர்கள் போட்ட பாதையில்தான் டி.பி.முத்துலட்சுமி வந்தார், 'கல்யாணப் பரிசு' எம்.சரோஜா வந்தார், 1958ல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டிய மனோரமா வந்தார்.

முப்பது மாதங்கள்

1944 தீபாவளிக்கு வந்தது 'ஹரிதாஸ்'. நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பர் மாதம் அந்தக் கொலை வழக்கில் 'ஹரிதாஸ்' கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டு, பின்னர் விடுதலையானார். 1945 மே மாதம் செஷன்ஸ் கோர்ட் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

இந்த இடத்தில் ஒன்றை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டு ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் ஜெயிலில், நகைச்சுவை நடிகர் ஜெயிலில். வெளியே இருந்தவர் மதுரம். ஒவ்வொரு காட்சியிலும் அவரும் அவர் கணவரும் திரையில் வம்பளந்துகொண்டிருக்க, கொட்டகை சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அவர் வக்கீல் வீட்டுக்கும் ஜெயிலுக்கும் நாடகக் கொட்டகைக்கும் அலைய வேண்டியிருந்தது.

என்.எஸ்.கே. நாடக சபையை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன. எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு மதுரம் அந்த சபையை நிறுத்தாமல் நடத்தினார். புருஷன் கொலை வழக்கில் ஜெயிலில் இருக்கும்போது, ஊர் ஊராகப் போய், முகத்தில் அரிதாரம் பூசி, ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். வசூலில் நடிகர்களுக்குச் சம்பளம் போக மிச்சம் வழக்குக்கு. சபையின் 'பைத்தியக்காரன்' நாடகம் படமாகவும் எடுக்கப்பட்டு, கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1947ல் வெளிவந்தது. சகஸ்ரநாமமும் மதுரமும் நடித்த அந்தப் படத்தில் அப்போது வளர்ந்து வந்துகொண்டிருந்த எம்.ஜி.ஆரும் இருந்தார்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கிருந்து மறு விசாரணைக்காகச் சென்னை ஹைகோர்ட்டுக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் பாகவதரும் கிருஷ்ணனும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்யப்பட்டார்கள். இந்தச் சட்டப் போராட்டத்தைப் பற்றி எழுதும்போது வக்கீல்களின் பெயர்கள் வரிசையாக வரும். எதிராஜ் வாதம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வாதாடியவருக்குக் கட்டணம் சம்பாதித்துக் கொடுத்த பெண் அடிக்குறிப்பில்தான் இருக்கிறார். சுமார் முப்பது மாதச் சிறைவாசம் பாகவதரின் திரைவாழ்க்கையை முடித்தே விட்டது. வெளியே வந்த பிறகு அவர் படங்கள் எழுந்து நிற்கவில்லை. கிருஷ்ணனால் விட்ட இடத்தில் இருந்து தொடர முடிந்தது என்றால், அந்த இடத்தை ஒருவர் காலியாகாமல் பார்த்துக்கொண்டார் என்று அர்த்தம். சபை இருந்தது, குழு இருந்தது, ஜோடி இருந்தது.

அடுத்த ஆண்டே வாசனின் 'சந்திரலேகா'வில் இருவரும் வந்தார்கள். 1949ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'. 1951ல் கிருஷ்ணன் இயக்கி, கலைஞர் வசனம் எழுதி, பத்மினியைக் கதாநாயகியாகத் தமிழுக்குக் கொண்டுவந்த 'மணமகள்'. திராவிட இயக்கம் சினிமாவைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த அந்தப் பத்தாண்டுகளைப் பற்றிப் பேசும்போது வசனகர்த்தாக்களை நினைக்கிறோம். அந்த வசனத்தின் அனலைத் தணித்து, வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்த நடிகையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேசிங்கு கதையில்

இப்போது செஞ்சிக்கு வருவோம். 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துச் சின்னஞ்சிறு படையோடு போய் விழுந்த ராஜபுத்திர இளைஞன் தேஜ் சிங், இந்த மண்ணில் தேசிங்கு ராஜன் ஆனான். ஆண்டது சில மாதங்கள். அவனுக்கு முன்னால் சிவாஜி செஞ்சிக் கோட்டையை 1677ல் பிடித்திருக்கிறார். அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையின் முற்றுகையை இங்கிருந்தே ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்திருக்கிறார். பெரிய ராஜாக்களை எல்லாம் விட்டுவிட்டு, தோற்ற ஒரு பையனைத்தான் ஜனங்கள் பாட்டில் வைத்துக்கொண்டார்கள். அவன் குதிரையும், கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்து போருக்கு வந்த முஸ்லிம் நண்பனும், உடன்கட்டை ஏறிய ராணியும் அந்தக் கதைப்பாடலால் வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள். கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கீழே செட்டிகுளத்துக் கரையில்தான் அவனைத் தகனம் செய்தார்கள் என்று இன்றும் வழிகாட்டுவார்கள்.

லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ், 1956ல் 'மதுரை வீரன்' என்ற நாட்டார் கதையைப் படமாக்கிப் பெரும் வெற்றி கண்டது. எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி, கூடவே என்.எஸ்.கே. - மதுரம் ஜோடி. அந்தச் சூட்டோடு அதே கம்பெனி கையில் எடுத்த அடுத்த நாட்டார் கதை 'ராஜா தேசிங்கு'. எம்.ஜி.ஆர். தேசிங்காக, எஸ்.எஸ்.ராஜேந்திரன், பானுமதி, பத்மினியோடு நடித்த படம். என்.எஸ்.கே.யும் மதுரமும் அதிலும் இருந்தார்கள். படம் இழுத்துக்கொண்டே போனது. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி, 49 வயதுகூட நிறையாமல், சென்னை ஆஸ்பத்திரியில் கிருஷ்ணன் இறந்துபோனார். 'ராஜா தேசிங்கு' வெளிவந்தது 1960ல். கணவர் போய் மூன்று வருஷம் கழித்து, செஞ்சிக் கோட்டைக் கதைக்குள் இருவரும் மறுபடி ஜோடியாக வந்தார்கள்.

'மதுரை வீரன்' ஓடிய ஓட்டம் இந்தப் படம் ஓடவில்லை. ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தேசிங்கு கதைப்பாடலில் பெண் என்றால் காத்திருக்கிற ராணி, தீயில் இறங்குகிற ராணி. வீரனுக்கு அழுவது மட்டுமே அவளுக்கு விதிக்கப்பட்டது. கூத்துக்களத்தில் அதே கதையை ஆடினாலும் ராணி வேஷம் ஆணுக்குத்தான் போகும். சினிமாவாக அது வந்தபோது அந்தக் கதைக்குள் சிரிக்க வைக்கிற ஒரு பெண்ணும் நுழைந்தாள். கோட்டைக் கதையில் வாள் இல்லாத, தீ இல்லாத ஒரு பெண்ணின் குரல்.

கிருஷ்ணன் கையில் வந்ததை எல்லாம் வாரி வாரிக் கொடுத்தவர். அதைத் தமிழ்நாடே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். கொடுத்த கை ஓய்ந்த பிறகு அந்த வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்தவர் மதுரம். நாகம்மையின் பிள்ளை, வேம்புவின் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் படிப்பு, கல்யாணம், வைத்தியம். கணவருக்குப் பிறகு அவர் படங்களில் அதிகம் தென்படவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆளோடு தாளம் போட்டுப் பழகிய கலைஞர், வேறு ஒருவரோடு அந்தத் தாளத்தைத் தேடப் போகவில்லை. 1974ல் மதுரம் காலமானார்.

சென்னை வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. தியாகராய நகரில் கலைவாணருக்குச் சிலை இருக்கிறது. மதுரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சிலை வைப்பதால் ஒரு நடிகையின் வேலை புரிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வேறொன்று செய்யலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்யாண மஹாலையும் களஞ்சியங்களையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் தேசிங்கு கதையைச் சொல்லப் போகிறோம், கூத்தும் காட்டப் போகிறோம். சில கூத்துக் குழுக்களில் இப்போது பெண்களும் அடவு பழகி வேஷம் கட்டுகிறார்கள், பெரும்பாலும் திரௌபதியாக. செஞ்சியில் தேசிங்கு நாடகம் போடுகிற நாளில் கட்டியக்காரன் வேஷத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். ஒத்திகைக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு 'ஹரிதாஸ்' படத்தையும் 'நல்லதம்பி'யையும் போட்டுக் காட்டட்டும். ராஜாவிடம் கேள்வி கேட்பது எப்படி, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பது, எந்தச் சொல்லை இழுப்பது என்று மதுரம் அதில் ஒவ்வொன்றாகச் செய்து காட்டியிருக்கிறார்.